நிறுவலும் சான்றும்: 'புரூஃப்' நாடகத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து

தமிழ்வழியில் கணிதம் படித்தவர்களுக்கு 'என நிறுவுக' என்று முடியும் கேள்விகள் நினைவிருக்கும். தரப்பட்டதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதி, கேட்டதை வந்தடைய வேண்டும். அந்த வேலைக்கு நிறுவல் என்று பெயர். அதே பள்ளிக்காலத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்புச் சான்று என்று இன்னொரு சொல்லும் நம்மைச் சுற்றிவந்தது. நிறுவலை நாமே செய்ய வேண்டும். சான்றை வேறொருவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'புரூஃப்' என்ற ஒரே சொல் போதும். அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் ஆபர்ன் தன் நாடகத்துக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். தமிழில் யோசித்தபடி அந்த நாடகத்தை வாசிக்கும்போது அதன் சிக்கல் சட்டென்று பிடிபடுகிறது. ஒரு பெண் நிறுவலைக் கொடுத்துவிட்டாள். அவளிடம் சான்று கேட்கிறார்கள்.

'புரூஃப்' 2000ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தியேட்டர் கிளப்பில் மேடையேறியது. அந்த அக்டோபரிலேயே பிராட்வேயின் வால்டர் கெர் அரங்குக்குப் போய் 917 காட்சிகள் ஓடியது. டேனியல் சல்லிவன் இயக்கினார். கேத்தரினாக நடித்தவர் மேரி-லூயிஸ் பார்க்கர். 2001இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசும், சிறந்த நாடகத்துக்கான டோனி விருதும் கிடைத்தன. 2005இல் வந்த திரைப்படத்தின் வழியாக நம்மில் சிலர் இந்தக் கதையை அறிந்திருக்கலாம். படம் பல இடங்களுக்குப் போகிறது. நாடகத்தில் இருப்பது ஒரே இடம்தான்: சிகாகோவில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கத் தாழ்வாரம். பாத்திரங்கள் நான்கு பேர்.

ராபர்ட் பெரிய கணித மேதை. இருபதுகளின் தொடக்கத்திலேயே தன் துறையின் போக்கை மாற்றியவர். பிறகு மனநோய்க்கு ஆளாகிறார். இளைய மகள் கேத்தரின் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறாள். மூத்தவள் கிளேர் நியூயார்க்கில் வேலை பார்த்துப் பணம் அனுப்புகிறாள். ஹால் ராபர்ட்டின் பழைய மாணவன், இப்போது பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிப்பவன். நாடகம் தொடங்கும்போது கேத்தரினுக்கு 25ஆவது பிறந்தநாள். அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அப்பா இறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்பது பேச்சின் நடுவில்தான் நமக்குத் தெரிகிறது. மறுநாள் இறுதிச் சடங்கு. மாடியில் அவர் எழுதிக் குவித்த நோட்டுகள் நூற்றுக்கும் மேல். அவற்றில் ஏதாவது தேறுமா என்று ஹால் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.

கணிதத்தின் அழகைப் பற்றிய நாடகம் என்று இதைச் சொல்கிறார்கள். ஆனால் மேடையில் ஒரு சமன்பாடுகூட எழுதிக் காட்டப்படுவதில்லை. மையமாக இருக்கும் அந்த நிறுவல் பகா எண்களைப் பற்றியது, காலங்காலமாகப் பலரும் முயன்று முடியாதது என்ற அளவுக்குத்தான் நமக்குச் சொல்லப்படுகிறது. அப்படியிருக்க அழகு எங்கிருந்து வருகிறது? அதற்கு முதலில், கணிதக்காரர்கள் எதை அழகு என்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது.

ஹார்டி 1940இல் எழுதிய 'ஒரு கணிதவியலாளரின் தன்னிலை விளக்கம்' என்று நாம் பெயர் சொல்லத்தக்க நூலில், அழகான கணிதத்துக்கு எடுத்துக்காட்டாக யூக்ளிடின் நிறுவல் ஒன்றைக் காட்டுகிறார். பகா எண்கள் முடிவில்லாதவை என்பது அது. எல்லாப் பகா எண்களையும் பட்டியல் போட்டு முடித்துவிட்டதாக ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் உள்ள அனைத்தையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வரும் எண்ணைப் பட்டியலில் உள்ள எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி ஒன்று வரும். ஆகவே அந்த எண்ணே பகா எண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் அதை வகுக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பட்டியல் முழுமையில்லை. 2, 3, 5 மட்டும்தான் என்றால் அவற்றைப் பெருக்க 30, ஒன்றைக் கூட்ட 31, இதோ புதிய பகா எண். நாலு வரியில் முடிவின்மையைத் தொட்டுவிடுகிறோம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இதைச் சொன்னவர் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா என்று கேட்கவேண்டிய தேவையே வருவதில்லை. ஆளைப் பார்க்காத உண்மை என்பதுதான் கணிதத்தின் பெருமை. பிறப்பையும் உடம்பையும் வைத்தே அளக்கப்பட்டுவந்தவர்களுக்கு இந்தப் பெருமை எவ்வளவு பெரிய ஆசுவாசமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆபர்ன் இந்த அழகைக் கரும்பலகையில் வைக்காமல் பேச்சில் வைக்கிறார். முதல் காட்சியில், கேத்தரின் படுக்கையைவிட்டு எழாமல் வீணாக்கிய நாட்களை அப்பா கணக்குக் கேட்கிறார். அன்று நண்பகல்வரை தூங்கியதையும் சேர்த்து முப்பத்து மூன்றேகால் நாள் என்று ஆகிறது. ஒவ்வொரு நாளையும் ஒரு வருடமாக வைத்தால் சுவாரசியமான எண் வரும் என்று அவர் சீண்டுகிறார். அவள் வேண்டாவெறுப்பாக 1729 வாரம் என்கிறாள். அதற்குப் பிறகு இருவரும் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடிக்கிறார்கள். இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது: 12இன் கனமும் 1இன் கனமும், 10இன் கனமும் 9இன் கனமும். ராமானுஜனைப் பார்க்க வந்த ஹார்டியின் டாக்சி எண்ணாக நாம் பள்ளியிலேயே அறிந்த எண். லண்டன் மருத்துவ விடுதியில் நோயாளியாக ஒருவர் படுத்திருக்க, பார்க்க வந்தவரோடு நடந்த பேச்சு அது. சிகாகோ தாழ்வாரத்திலும் அது நோயின் அருகில்தான் வருகிறது. மகளின் சோர்வில்கூடக் கணக்கு இருக்கிறது என்று அப்பா சிரிக்கிறார். பாசம், கேலி, கண்டிப்பு எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கின்றன. இரண்டு பேர் ஒரே மொழி பேசும் வீடு அது என்பது பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது. பின்னால் வரப்போகும் சந்தேகத்துக்கு விடை இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. கேட்டவர்கள் நாம் மட்டும்தான்.

ஹாலின் நண்பர்கள் நடத்தும் இசைக்குழுவும் இதே வகைதான். அவர்களிடம் 'ஐ' என்றொரு உருப்படி உண்டு. மூன்று நிமிடம் யாரும் எதையும் வாசிக்காமல் மேடையில் நிற்பார்கள். கற்பனை எண்ணுக்கான குறி அது. கேத்தரின் உடனே பிடித்துக்கொள்கிறாள். தான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்பதை அவள் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் காட்டுகிறாள். யாரும் அதைக் குறித்துக்கொள்வதில்லை.

இறுதிச் சடங்கு முடிந்த இரவில் கேத்தரின் ஹாலிடம் சோஃபி ஜெர்மெய்னைப் பற்றிப் பேசுகிறாள். 1776இல் பாரிஸில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது பதின்மூன்று வயது; வெளியே போக முடியாமல் அப்பாவின் நூலகத்தில் கணிதத்தைக் கண்டெடுத்தார். பெண்பிள்ளைக்கு இது ஆகாது என்று பெற்றோர் மெழுகுவர்த்திகளைப் பறித்ததும், கணப்பை அணைத்ததும், அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு இரவெல்லாம் படித்ததும் அவர் வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. பெண்களைச் சேர்க்காத கல்லூரியின் பாடக் குறிப்புகளை 'லெ பிளாங்க்' என்ற ஆண் மாணவரின் பெயரில் வாங்கிப் படித்தார். அதே பெயரில் லக்ராஞ்சுக்கும், 1804 முதல் ஜெர்மனியில் இருந்த காஸுக்கும் எழுதினார். நெப்போலியனின் படை காஸின் ஊரைப் பிடித்தபோது அவருக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதென்று ஒரு தளபதியிடம் சொல்லிப் பாதுகாப்பு ஏற்பாடு செய்தார். அதனால்தான் லெ பிளாங்க் ஒரு பெண் என்பது வெளியே தெரிந்தது. 1807இல் காஸ் எழுதிய பாராட்டுக் கடிதத்தைக் கேத்தரின் மனப்பாடமாகச் சொல்கிறாள். ஒரு பகா எண்ணை இரட்டிப்பாக்கி ஒன்றைக் கூட்டினால் அதுவும் பகா எண்ணாக வருமானால் முதல் எண் ஜெர்மெய்ன் பகா எண். 2, 3, 5, 11, 23 எல்லாம் அப்படிப்பட்டவை. கேத்தரின் அவற்றையும் சொல்கிறாள். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்கு கொண்ட ஒரு பிரம்மாண்டமான எண்ணையும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறாள்.

ஹால் மயங்கிப்போகிறான். காதல் தொடங்குவது இங்கேதான். ஆணின் பெயருக்குப் பின்னால் ஒளிந்து எழுதிய பெண்ணின் கதையை ரசித்துக் கேட்ட அந்த ஆணிடம், மறுநாள் காலை கேத்தரின் ஒரு மேசை இழுப்பறையின் சாவியைக் கொடுக்கிறாள். உள்ளே ஒரு நோட்டு. நாற்பது பக்க நிறுவல். ஹால் தலைகால் புரியாமல் ஓடிவருகிறான், இதை எங்கே கண்டெடுத்தாய் என்று கேட்கிறான். கண்டெடுக்கவில்லை, எழுதியதே தான்தான் என்கிறாள் கேத்தரின். முதல் அங்கத்தின் திரை அங்கே விழுகிறது.

இரண்டாம் அங்கத்தில் சான்று கேட்கும் படலம் தொடங்குகிறது. கையெழுத்து அப்பாவுடையது போல இருக்கிறதே என்கிறார்கள். பல வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு எழுத்து ஒத்துப்போகும் என்கிறாள். நோட்டைப் பார்க்காமல் ஹாலுக்கு விளக்கிச் சொல்லேன் என்கிறாள் அக்கா. நாற்பது பக்கத்தை ஒப்பிக்க இது சமையல் குறிப்பா என்று கேத்தரின் எரிந்துவிழுகிறாள். விளக்கினாலும் பயனில்லை, அப்பா எழுதி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்கிறான் ஹால். கடைசியில் அவனுடைய உண்மையான காரணம் வெளியே வருகிறது. இந்த வேலை அவ்வளவு பெரியது. தானே கணிதக்காரன், இதன் கடினம் தனக்குத் தெரியும். இதைச் செய்ய வேண்டுமானால் அவளுடைய அப்பாவாக இருக்க வேண்டும், அதுவும் அவருடைய உச்சகாலத்தில்.

இந்த இடத்தில் ராமானுஜனை மறுபடி நினைத்துப் பார்க்கலாம். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கணக்கர் ஒருவரிடமிருந்து ஹார்டிக்கு ஒரு கடிதம் வருகிறது. பட்டம் இல்லை, முகவரிக்கு அப்பால் எந்த அறிமுகமும் இல்லை. ஹார்டிக்கும் ஏமாற்று வேலையோ என்ற சந்தேகம் வந்தது. லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து சூத்திரங்களைப் பார்த்தபின் அவர் வந்த முடிவு புகழ்பெற்றது: இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், பொய்யாக இவற்றைக் கற்பனை செய்யும் திறமை யாருக்கும் இருக்க முடியாது. அழகே அங்கே ஆளுக்குச் சாட்சியாக நின்றது. ஹாலும் அதே அழகைத்தான் பார்க்கிறான். ஆனால் இவ்வளவு அழகானது இவளுடையதாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு வருகிறான். கேத்தரினின் கணிதம் சுமாராக இருந்திருந்தால் அவளுடையது என்று உடனே ஒப்புக்கொண்டிருப்பான். காலனியிலிருந்து எழுதிய ஏழைக் கணக்கரை நம்பவைத்த தரம், பேராசிரியர் வீட்டு மகளுக்கு எதிராகத் திரும்புகிறது. இவ்வளவு பெரிய வேலைக்கு ஹாலின் மனத்தில் ஏற்கெனவே ஓர் ஆணின் பெயர் இருக்கிறது, அவர் அதே வீட்டில் வாழ்ந்தவர் என்பதே காரணம்.

நாடகம் எழுதப்பட்ட காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபீல்ட்ஸ் பதக்கம் 1936இல் தொடங்கியது. 'புரூஃப்' மேடையேறிய 2000இல் அதைப் பெற்ற ஒரு பெண்ணும் இல்லை. ஈரானில் பிறந்த மரியம் மிர்ஸாகானி 2014இலும், உக்ரைனைச் சேர்ந்த மரினா வியாசோவ்ஸ்கா 2022இலும் பெற்றார்கள். அதற்கு முந்தைய தலைமுறைகளில் எம்மி நோதர் கோட்டிங்கனில் நடத்திய வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில்தான் அறிவிக்கப்பட்டன. ஹாலின் சந்தேகம் தனி மனிதனின் கெட்ட குணமல்ல. ஒரு துறையின் பழக்கம். எழுதும் பெண்களுக்கும் இது அன்னியமல்ல. நல்ல கவிதைத் தொகுப்பு வந்தால் கணவர் திருத்திக் கொடுத்தது, நல்ல ஆய்வேடு வந்தால் நெறியாளர் எழுதிக் கொடுத்தது என்ற பேச்சைக் கேட்காத பெண் நம் இலக்கியச் சூழலில் அபூர்வம்.

இந்த நாடகத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது வேறொரு நோட்டு. முதல் காட்சியின் முடிவில் ஹால் ஒரு நோட்டை ஒளித்து எடுத்துப்போக முயன்று பிடிபடுகிறான். அது பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பதற்காக என்று சொல்லி ஒரு பக்கத்தைக் காட்டுகிறான். நான்கு வருடங்களுக்கு முன், நோய் விலகியிருந்த மாதங்களில் ராபர்ட் எழுதியது. தன்னை மனநோய் விடுதிக்கு அனுப்ப மறுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்ட மகளுக்கு அதில் அவர் நன்றி எழுதியிருக்கிறார். எழுதவே தன்னால் முடிவது அவளால்தான் என்று ஒப்புக்கொள்கிறார். ஹால் அதை ஐயமின்றி நம்புகிறான். பார்த்துக்கொண்டவள் கேத்தரின் என்பதற்கு அப்பாவின் கையெழுத்தில் சான்று இருக்கிறது. அது பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் வேலையும்கூட. அவள் கணக்குப் போட்டவள் என்பதற்கு அவளுடைய கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. அது போதவில்லை.

கேத்தரின் அந்த நிறுவலை எழுதியது இரவுகளில், நோயாளியைக் கவனித்த வேலை முடிந்தபின். மெழுகுவர்த்தி பறிபோன ஜெர்மெய்னுக்கும் இரவுதான் வாய்த்தது. பகல் எப்போதும் வேறு யாருடையதாகவோ இருக்கிறது. 1729ஐப் பின்தொடர்ந்து கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் வந்தால் அங்கேயும் ஒரு பெண் இருக்கிறார். 1909இல், பத்து வயதை ஒட்டிய சிறுமியாக, ராமானுஜனுக்கு மணமுடிக்கப்பட்ட ஜானகி. 1914இல் கணவர் கேம்பிரிட்ஜ் போனார். 1919இல் நோயோடு திரும்பினார். அடுத்த ஏப்ரலில் இறந்தார். அந்த ஓராண்டில் அவர் எழுதியவற்றில் இடம்பெற்ற கணிதத்தின் பெரும்பகுதியை உலகம் 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த தாள்களில்தான் பார்த்தது. 'தொலைந்த நோட்டு' என்று அதற்குப் பெயர் வைத்தது. அந்த ஓராண்டு முழுக்க நோயாளியைப் பார்த்துக்கொண்டவர் ஜானகி. பிறகு தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் அந்த வருமானத்திலும் சொற்ப ஓய்வூதியத்திலும் வாழ்ந்து 1994இல் மறைந்தார். ஜானகி கணிதம் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. நோயுற்ற மேதை ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் அறையில் கஞ்சியும் மருந்தும் யாரோ கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதைக் கணிதத்தின் வரலாறு எழுதுவதில்லை. 'புரூஃப்' அந்த ஆளை நடுமேடையில் நிறுத்துகிறது. அதோடு அவளுக்கும் ஒரு நோட்டைக் கொடுக்கிறது. நாடகத்தின் துணிச்சல் அதுதான்.

அந்தத் துணிச்சலுக்கு எல்லையும் உண்டு. கிளேரை எடுத்துக்கொள்வோம். காபியும் பட்டியலுமாக வந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் அக்காவைப் பார்த்து அரங்கம் சிரிக்கிறது. தான் ஒற்றை அறையில் இருந்துகொண்டு இந்தப் பெரிய வீட்டின் கடனை அடைத்ததை அவள் ஒரு சண்டையில் சொல்கிறாள். சொன்னதும் காட்சி நகர்ந்துவிடுகிறது. ஒரு மகளின் உழைப்பு உடம்பால், இன்னொரு மகளின் உழைப்பு பணத்தால். அப்பாவின் நோட்டில் இரண்டாமவளுக்கு நன்றி இருப்பதாக நாம் கேட்பதில்லை. கணிதம் தெரியாதவள் என்பதால் நாடகமும் அவளைக் கொஞ்சம் குறைத்தே நடத்துகிறது.

இன்னொன்று, மேதைமையும் பித்தும் சேர்ந்தே வரும் என்ற பழைய நம்பிக்கை. அப்பாவின் கணிதம் மகளுக்கு வந்திருந்தால் நோயும் வந்திருக்குமோ என்ற பயம் கேத்தரினைத் தின்கிறது. அந்தப் பயத்தை நாடகம் கேள்வி கேட்பதைவிட அதிகமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. இருந்தாலும் அந்தப் பயத்தின் நடுவே வரும் பனிக்காலக் காட்சி மறக்க முடியாதது. உறையும் குளிரில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதும் அப்பா, தன் மூளை மறுபடி வேலை செய்கிறது என்று பூரிக்கிறார். மகளைப் படிக்கச் சொல்கிறார். நிறுவலின் நடையில் தொடங்கும் அந்த வரிகளில் குளிரும் மாதங்களும் மாணவர்களும் புத்தகக் கடைகளும்தான் இருக்கின்றன. கணிதத்தின் வடிவம் இருக்கிறது, கணிதம் இல்லை. படித்து முடித்த கேத்தரின் ஒன்றும் சொல்லாமல் அவரை உள்ளே அழைத்துப்போகிறாள். எது நிறுவல், எது அதன் வெற்று ஓசை என்று அந்த வீட்டில் பிரித்தறிய முடிந்தவள் அவள் ஒருத்திதான். ஹாலுக்கு வேண்டிய சான்று இதுவும்கூட. அப்போது அவன் அங்கே இல்லை.

கடைசிக் காட்சியில் ஹால் நோட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறான். பழைய ஆட்கள், புதிய ஆட்கள் என இரண்டு குழு கணிதக்காரர்கள் சரிபார்த்துவிட்டார்கள். நிறுவல் சரி. அதில் பயன்படும் உத்திகள் ராபர்ட் நலமாக இருந்த காலத்துக்குப் பிந்தியவை. ராபர்ட் தன் உளறல்களுக்குக்கூடத் தேதி போடுபவர்; இதில் ஒரு தேதியும் இல்லை. ஆகவே இது உன்னுடையதுதான் என்கிறான். பெண்ணின் சொல்லுக்கு ஆண்களின் குழு ஒன்று ஒப்புதல் தந்தபின்தான் முடிவு வருகிறது என்பது என் மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. கேத்தரினையும் உறுத்துகிறது. இதெல்லாம் எதையும் நிறுவிவிடாது என்கிறாள், நீ என்னை நம்பியிருக்க வேண்டும் என்கிறாள். கணிதத்தில் நம்பிக்கைக்கு இடமில்லை என்று வளர்க்கப்பட்டவள் இதைக் கேட்கிறாள். ஒரு தேற்றத்தை நம்பச் சொல்லி அவள் கேட்கவில்லை. தேற்றத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. தன் பேச்சை நம்பச் சொல்லிக் கேட்கிறாள்.

பிறகு அவள் தன் வேலையில் இருக்கும் மேடுபள்ளங்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். அப்பாவின் நேர்த்தி தன்னுடையதில் இல்லை, ஒட்டுப்போட்டது போலத் தெரிகிறது, இன்னும் சீராக்கலாம் என்கிறாள். எதையாவது உண்மையாக எழுதிப்பார்த்தவர்கள் இந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்வார்கள். பிறர் எழுதியதில் நமக்கு அழகு தெரியும். நாம் எழுதியதில் தையல் தெரியும். இது அவளுடையது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. ஹால் அவளருகே உட்கார்ந்து, இதன் வழியாக என்னை அழைத்துப்போ என்று கேட்கிறான். அவள் நோட்டைத் திறந்து ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, பேசத் தொடங்குகிறாள். விளக்கு அணைகிறது.

முன்பு அக்காவும் இதையேதான் கேட்டாள், ஹாலுக்கு விளக்கிச் சொல் என்று. அப்போது அது தேர்வு. தவறினால் அவள் பொய்க்காரி, தவறாவிட்டாலும் அப்பா சொல்லிக்கொடுத்தது. இப்போது அதே நாற்பது பக்கம், அதே இரண்டு பேர். கேட்பவனுக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் மட்டும்தான் புதிது. எப்படிச் செய்தாய் என்று முதல் நாள் காலையிலேயே அவன் கேட்டிருக்கலாம்.